கரன்ட் போனால் கரடி வரும்!

இரவு மணி பன்னிரண்டு. ஒரு பெரிய கட்டடத்தில் நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். வாட்ச்மேன் வேலை! விடிகாலை ஆறு மணி வரை டியூட்டி. அறைக்கு இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒரு கதவு. மேஜை மேல் ஒரு பழைய ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் துப்பாக்கி கிடையாது. லத்திகூடக் கிடையாது. எழுந்து ஓடவும் முடியாது.

வராந்தாவில் ஏதோ ஒன்று நடந்து வருகிறது...

கதவைச் சாத்தலாம். ஆனால், சாத்தி வைத்தால் கரன்ட் செலவாகும். லைட்டைப் போட்டு, வந்திருப்பது யார் என்று பார்க்கலாம். அதற்கும் கரன்ட் செலவு. கையிருப்பு மொத்தமே நூறு சதவிகிதம். விடிவதற்குள் அது பூஜ்யத்துக்கு வந்தால், அநேகமாகக் கதை முடிந்தது!

பயப்படாதீர்கள். இது ஒரு வீடியோ கேம். பெயர் ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்’. 2014 ஆகஸ்ட்டில் வெளியானது. இதை நான் முதன்முதலில் பார்த்தது எங்கே தெரியுமா? சேவூரில்!

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகிற ரோட்டில் இருக்கிறது சேவூர். வாலி பூஜித்ததாகச் சொல்லப்படும் வாலீஸ்வரர் கோயிலும், நிலக்கடலை ஏலமும் ஊரின் அடையாளங்கள். பொழுது விடிந்தால் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. சில வருடங்களுக்கு முன்பு, அங்கே ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். நண்பருக்கும் ஒரு பனியன் கம்பெனியில்தான் வேலை. நைட் வாட்ச்மேன்! அன்று அவருக்கு லீவு. காலேஜ் படிக்கும் மகன், அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, லைட்டை அணைத்துவிட்டு இந்த கேமை ஆடிக்கொண்டிருந்தான். நடுநடுவே ‘ஐயோ’ என்று அலறல் வேறு.

அப்பா பின்னால் நின்று பத்து நிமிஷம் பார்த்தார். “ஏன் கண்ணு, இதுல பயப்படறதுக்கு என்னடா இருக்குது? தெனமும் நான் பாக்கற வேலைதானே இது!” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? ஒரு வாட்ச்மேனின் கரன்ட் கணக்கு எப்படி உலகத்தையே அலறவைக்கும் விளையாட்டானது? இதைப் புரிந்துகொள்ள, நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1981. இங்கிலாந்தில் மால்கம் இவான்ஸ் என்பவர், இஸட்.எக்ஸ்.81 என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்காக ஒரு விளையாட்டு எழுதினார். ‘3டி மான்ஸ்டர் மேஸ்’. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கலர் கிடையாது. சத்தம் கிடையாது. தனியாக ஒரு பெட்டி வாங்கிச் செருகினால்தான் 16 கிலோபைட் நினைவகமே கிடைக்கும். இன்றைக்கு உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும்! இவ்வளவு வறுமையில் எப்படிப் பயமுறுத்துவது? இவான்ஸ் உங்களைச் சந்து பொந்துகள் நிறைந்த ஒரு கட்டத்துக்குள் விட்டார். கூடவே ஒரு டைனோசரையும் விட்டார். அது எங்கே இருக்கிறதென்று தெரியாது. காலடி நெருங்குகிறது என்று திரையின் அடியில் ஒரு வரி வரும். அவ்வளவுதான்! உங்களிடம் ஆயுதம் எதுவும் இல்லை. வழி கண்டுபிடித்து ஓட வேண்டும். ஆடியவர்கள் வெலவெலத்துப் போனார்கள்.

அடுத்து ஜப்பான். 1996-ல் கேப்காம் நிறுவனம் ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமை வெளியிட்டது. ‘சர்வைவல் ஹாரர்’ என்ற பெயர் பிரபலமானது இதிலிருந்துதான். தமிழில் சொல்வதென்றால், ‘ஜெயிக்கவெல்லாம் வேண்டாம், உயிர் பிழைத்தால் போதும்’ வகை! எண்ணி எண்ணிச் சுட வேண்டிய அளவுக்குத்தான் குண்டுகள். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சேமித்து வைக்க ஒரு டைப்ரைட்டர் ரிப்பன் தேவை. அதுவும் ரேஷன்தான்! 1999-ல் கொனாமி நிறுவனத்தின் ‘சைலன்ட் ஹில்’ வந்தது. ஊர் முழுக்க மூடுபனி. அந்தப் பனி வந்த கதை சுவாரஸ்யமானது. தூரத்துக் காட்சிகளை வரைகிற சக்தி அந்தக் கால பிளேஸ்டேஷனுக்கு இல்லை. இல்லாததை மறைக்கப் பனியைக் கொட்டினார்கள். அந்தப் பனிதான் எல்லோரையும் நடுங்கவைத்தது!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பயம் பிறந்தது எல்லாமே பற்றாக்குறையில்! கையில் தாராளமாகக் குண்டுகள் இருந்தால் பேய்க்கு நாம் ஏன் பயப்படப் போகிறோம்?

பணம் சேர்ந்ததும் பெரிய கம்பெனிகள் இதை மறந்துபோயின. 2009-ல் வந்த ஐந்தாவது ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமிலும், 2012-ல் வந்த ஆறாவதிலும் ஒரே துப்பாக்கிச் சண்டை, கார் வெடிப்பு. விற்பனை என்னவோ பிரமாதம்தான். ஆனால், அந்தப் பழைய பயம் காணாமல் போனது.

அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் காசில்லாத ஆசாமிகள். ஸ்வீடனில் ஹெல்சிங்போரி என்ற ஊரில் ‘ஃப்ரிக்ஷனல் கேம்ஸ்’ என்ற சின்னஞ்சிறு கம்பெனி இருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 2010 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட ‘அம்னீசியா’வில் ஆயுதமே கிடையாது. கையில் ஒரு லாந்தர் விளக்கு. அதற்கும் எண்ணெய் தீர்ந்துகொண்டே வரும். இருட்டில் நின்றால் புத்தி பேதலிக்கும். லட்சக்கணக்கில் விற்றது!

நான்கு வருடம் கழித்து, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலிருந்து ஸ்காட் காவ்தன் வந்தார். தனி ஆள். குடும்பஸ்தர். குழந்தைகளுக்கும் பக்திமான்களுக்குமாக வருஷக்கணக்கில் கேம்கள் செய்துகொண்டிருந்தவர். ஒன்றும் ஓடவில்லை. 2013-ல் மரம் வெட்டும் பீவர் குடும்பத்தை வைத்து ஒரு கேம் போட்டார். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘உங்கள் பொம்மைகள் கீ கொடுத்த இயந்திரங்கள் மாதிரி இருக்கின்றன, பார்க்கவே பயமாக இருக்கிறது!’

மனிதர் நொறுங்கிப்போனார். இந்தத் தொழிலே வேண்டாம் என்று விட்டுவிடும் நிலை. ஆனால், ஏதோ ஒரு கணத்தில் அவருக்குள் பொறி தட்டியது. ‘தெரியாமல் செய்ததே பயமாக இருக்கிறதா? சரி, வேண்டுமென்றே செய்து காட்டுகிறேன்!’

அப்படிப் பிறந்ததுதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த வாட்ச்மேன் கதை. குழந்தைகள் வந்துபோகும் ஒரு பீட்ஸா கடை. பகலில் பாட்டுப் பாடும் கரடி, முயல், கோழி, நரி இயந்திர பொம்மைகள். ராத்திரியானால் அவை எழுந்து நடமாடும். ஒற்றை ஆளாய் அத்தனையையும் ஓடியாட வைப்பது கஷ்டம். அதனால், நம்மை நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டார். கண்காணிப்பு கேமராவில் தெரிவதும் பெரும்பாலும் அசையாத படங்கள்தான். முயல் மேடையில் இருக்கும். மறுபடி பார்த்தால் மேடை காலி! நடப்பதைக் காட்டவே மாட்டார். அதை நம் மனசு பார்த்துக்கொள்கிறது. கரன்ட் தீர்ந்தால் கும்மிருட்டு. கதவுகள் தானாகத் திறந்துகொள்ளும். இருட்டில் கரடியின் முகம் மின்ன, ஒரு பாட்டு கேட்கும்...

5 டாலருக்கு விற்ற அந்த கேம் காவ்தனின் தலையெழுத்தையே மாற்றியது. அடுத்தடுத்த பாகங்கள், புத்தகங்கள், பொம்மைகள் என்று வரிசை கட்டின. 2023 அக்டோபரில் சினிமாவாகவும் வந்து, உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் வசூலித்தது!

மறுபடி சேவூருக்கு வருவோம். “நீயே ஆடிப் பாருப்பா” என்று மகன் லேப்டாப்பை நீட்டினான். எந்த பட்டன் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உட்கார்ந்தார் நண்பர். மகனைப் போல் நிமிஷத்துக்கொரு தடவை லைட் போடவில்லை. கதவைச் சாத்தவில்லை. சும்மா காது கொடுத்துக் கேட்டார். எப்போதாவது ஒரு பார்வை. அவ்வளவுதான். ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் ஓடியது. திரையில் மணி ஆறு! கரன்ட் மிச்சம் இருந்தது.

மகன் வாயைப் பிளந்தான். “எப்படிங்க?” என்றேன் நான்.

“ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல கரன்ட் போயிப் போயி வந்துச்சுங்களே... பாதி நாளு இருட்டுலதானுங்க ஒக்காந்திருப்போம். பேட்டரி லைட்டு ஒண்ணுதான். பயந்துக்கிட்டு அதையே அடிச்சிட்டிருந்தா, நடுச்சாமத்துல தீந்துபோயிருமுங்க. அதுக்கப்புறம் நெசமாவே யாராச்சும் வந்தா என்ன பண்றது? காதுலயே பாத்துக்கோணும். இருக்கறத வெச்சு விடியற வரைக்கும் ஓட்டோணுமுங்க” என்றார் சர்வசாதாரணமாக.

2012-ஐ யார் மறக்க முடியும்? கொங்கு மண்டலத்தில், நாளில் பாதிக்கு மேல் மின்சாரமில்லாமல் தறிகளும் தையல் மெஷின்களும் நின்றுபோன வருஷம். டெக்ஸாஸ்காரர் கற்பனையில் கட்டிய அறையில், நம் ஆள் ஏற்கெனவே குடியிருந்திருக்கிறார்!

நண்பருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. “ஏன் கண்ணு, இந்த வேலைக்குச் சம்பளம் எவ்வளவு?”

“அஞ்சு ராத்திரிக்கு நூத்தியிருபது டாலர்ப்பா. செக் தருவான்.”

“ஆறாவது நாளும் வந்தா ஓ.டி. உண்டா?”

நிஜமாகவே அந்த விளையாட்டில் ஆறாவது ராத்திரி உண்டு. அதற்கு ஓவர்டைமும் உண்டு. எவ்வளவு தெரியுமா? அரை டாலர்! ஏழாவது ராத்திரியையும் தாண்டினால், வேலையை விட்டுத் தூக்கிவிட்டதாகச் சீட்டு கொடுப்பான். காரணங்களில் ஒன்று, உடம்பு நாற்றம்!

மகன் சொன்னதைக் கேட்டு நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லேப்டாப்பை மூடிக்கொண்டே சொன்னார்:

“இப்பத்தான்டா எனக்குப் பயமா இருக்குது!”