வள்ளி என்று பேர் வாங்கிய கொடி

பாலக்காட்டு அக்ரகாரங்களில் சிராத்தச் சமையல் என்றால் மிளகாய் அடுப்பங்கரைப் பக்கம் வரக்கூடாது, காரத்துக்கு மிளகுதான். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் வெளியே. ஆனால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இலையில் வந்து உட்கார்ந்துவிடும். மார்கழித் திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் புழுக்கிலும் சேனை, சேம்போடு அதுவும் வேகும். மலைக்கு மேலே இடுக்கித் தோட்டங்களில் குடியிருக்கும் தமிழர்களின் பொங்கல் கூட்டிலும் அதற்கு இடம் உண்டு.

விலக்கி வைத்த மிளகாய், உருளை இரண்டுக்கும் எந்தக் கண்டம் தாய்வீடோ, அதே அமெரிக்காதான் இதற்கும். கரீபியத் தீவுகளின் டைனோ மக்கள் இதை 'பட்டாட்டா' என்றார்கள். கொலம்பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே மேற்கே பசிபிக் தீவுகளுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே மங்காயா தீவில் கிடைத்த கரிந்த கிழங்குத் துண்டுகள் அதற்குச் சாட்சி. நம் கரைக்கு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள்.

காலையில் விரிந்து வெயில் ஏறினால் வாடும் புனல் வடிவப் பூ இந்தக் கொடிக்கு. வெளிர் ஊதா, தொண்டையில் அடர்நிறம். கிழங்கு தின்பவர்களில் பலர் அந்தப் பூவைப் பார்த்ததே இல்லை. பூத்தாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, விதை பிடிப்பது அபூர்வம். அதனால் உழவர் விதைக்குக் காத்திருப்பதில்லை. ஒரு சாண் கொடியை வெட்டி, கணு மண்ணுக்குள் போகும்படி வரப்பில் ஊன்றினால் நாலு மாதத்தில் கிழங்கு. கொடி வெட்டி, கைமாறிக் கைமாறியே இது ஊர் ஊராகப் பரவியது.

மிளகாயும் உருளையும் வாசலில் நிற்க இது மட்டும் சிராத்த இலைக்கு வந்தது எப்படி? பேர்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வள்ளிக்கிழங்கு இந்த மலைகளின் ஆதி உணவு. அதைத் தோண்டிய குழியில் கிடைத்த குழந்தையைத்தான் வேடர் தலைவன் நம்பிராசன் வள்ளி என்று பேரிட்டு வளர்த்தான்; முருகன் தேடி வந்தது அவளைத்தான். புதிதாக வந்த கொடியும் மண்ணுக்குள் கிழங்கு வைத்ததைப் பார்த்தவர்கள், முன்னால் சர்க்கரையைச் சேர்த்து வள்ளி என்றே கூப்பிட்டார்கள். மலையாளத்தில் மதுரக்கிழங்கு. இரண்டு பேரிலும் கப்பலின் வாசனை இல்லை.



கடல் தாண்டி யாழ்ப்பாணம் போனால் இதே கிழங்கு வற்றாளை. டைனோ மக்கள் கூப்பிட்ட குரல் அந்தச் சொல்லில் இன்னும் கேட்கிறது.