கோழி வரியும் அஞ்சு நட்டும்

போன மாசம் முழுக்க ராத்திரி ஒரு மணி வரைக்கும் பழைய வண்டி விளம்பரமா பார்த்துக்கிட்டு இருந்தேன். கார் இல்லை, மோட்டார் ஹோம். படுக்கை, அடுப்பு, குட்டியா ஒரு கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. இங்கே கலிஃபோர்னியாவில் பஸ் சைஸுக்கெல்லாம் கிடைக்கும். ஆனா எனக்கு அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் அடங்கணும், பெட்ரோலையும் தண்ணியா குடிக்கக் கூடாது. இப்படித் தேடினா கடைசியில் வந்து நிக்கிறது டொயோட்டா பிக்கப்பை வெச்சுக் கட்டின சின்ன வண்டிகள்தான். 70களில் ஆரம்பிச்சு 90களின் தொடக்கத்தோட நின்னு போச்சு. எல்லாமே என்னைவிட வயசில் மூத்தது.

இந்த வண்டியோட சரித்திரத்தில் ஒரு கோழி வருது. நம்பித்தான் ஆகணும் :-)

1960களின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கோழிக்கறி மேற்கு ஜெர்மனியில் மலிவா குவிஞ்சது. ஐரோப்பியர்கள் 1962ல் அதுக்கு வரியை ஏத்தினாங்க. பதிலுக்கு 1963 டிசம்பரில் ஜான்சன் அரசு உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இதோட சின்ன லாரிகளுக்கும் 25% வரி போட்டுச்சு. குறி வெச்சது ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு. பின்னாடி வந்த ஜப்பான் பிக்கப்புகளும் அதில் மாட்டிக்கிச்சு. ஆனா சட்டத்தில் ஒரு ஓட்டை: பின்பக்கப் பெட்டி இல்லாம கேபினும் சேசிஸும் மட்டும் வந்தா 4% வரிதான். அதனால மொட்டையா கப்பல் ஏத்தி, பெட்டியை அமெரிக்காவில் மாட்டினாங்க. 1980ல் அந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க.

அந்த மொட்டை சேசிஸ் மேல வீடு கட்டலாம்னு சில கம்பெனிகளுக்குத் தோணிச்சு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதும் கேலனுக்கு எட்டு, பத்து மைல் ஓடின பெரிய மோட்டார் ஹோம்களை வாங்க ஆள் இல்லை. நாலு சிலிண்டர் டொயோட்டா 15க்கு மேலயே கொடுக்கும். சினூக், டால்ஃபின், சன்ரேடர்னு வரிசையா வந்தது. 1979ல் அடுத்த எண்ணெய் நெருக்கடி, கேட்கவே வேண்டாம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. ஓபன் சேசிஸை வாங்கி, பலகையில் டிரைவர் உட்கார்ந்து ஓட்டிக்கிட்டு கரூருக்கோ திருச்செங்கோட்டுக்கோ பாடி கட்டப் போறதை ஹைவேயில் பார்த்திருப்பீங்க. ஒரே ஒரு வித்தியாசம். நம்ம சேசிஸ் லாரிக்காகவே செஞ்சது. இங்கே கட்டினது அரை டன் பிக்கப் மேல. படுக்கை, ஃபிரிட்ஜ், தண்ணி டேங்க், நாலு ஆள் எல்லாம் ஏறினா வண்டி இரண்டரை டன்னைத் தாண்டும். இழுக்கிறதுக்குச் சுமார் நூறு குதிரைத்திறன். மேட்டில் பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே ஓய்ஞ்சிடுவான். அது போகட்டும், மெதுவா போனா யாரும் சாகப் போறதில்லை.

மேட்டர் பின் ஆக்சில்தான். ரோட்டோரத்தில் லாரி நிக்கும்போது மெக்கானிக் ஆக்சில் ராடை உருவி எடுக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? ராடு வெளியே வந்தாலும் சக்கரம் பாட்டுக்கு நிக்கும். பாரத்தைச் சுமக்கிறது ஹவுசிங், ராடுக்கு வேலை சுத்துறது மட்டும். இதுதான் ஃபுல் ஃப்ளோட்டிங். சின்ன பிக்கப்பில் அப்படி இல்லை. அது செமி ஃப்ளோட்டிங், பாரமும் ராடு மேலதான். ராடு உடைஞ்சா சக்கரமே கழண்டு போயிடும்.

ஆரம்பகால வண்டிகளில் இந்தச் சின்ன ஆக்சிலையே வெச்சுக்கிட்டு, அடாப்டர் போட்டு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம் மாட்டினாங்க. பார்க்க லாரி மாதிரி கம்பீரமா இருக்கும். டயருக்கு பாரம் குறைஞ்சது வாஸ்தவம். ஆனா வெளிச்சக்கரம் தள்ளி நிக்கிறதால ராடை வளைக்கிற விசை கூடிடுச்சு. ஓடும்போதே சக்கரம் கழண்ட வண்டிகள் உண்டு. கடைசியில் அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரிச்சு, ரீகால் வந்து, ஒரு டன் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் மாத்திக் கொடுத்தாங்க. 80களின் நடுவிலிருந்து புது வண்டிகளே அந்த ஆக்சிலோட வந்தது. சேசிஸ் செஞ்சவன் ஒருத்தன், பாடி கட்டினவன் இன்னொருத்தன். மொத்த எடைக்கு யார் பொறுப்புங்கிற கேள்வியை யாரும் முதல்லயே கேட்கலைங்கிறதுதான் என் கோபம்.

ரீகாலுக்குப் போகாத வண்டிகள் இன்னும் சுத்துது. கண்டுபிடிக்கிறது சுலபம். இரட்டைச் சக்கரத்தில் 5 நட்டு இருந்தா பழைய ஆக்சில். 6 நட்டும் நடுவில் துருத்திக்கிட்டு ஹப்பும் இருந்தா நல்ல ஆக்சில்.

இவ்வளவும் படிச்சுட்டுத்தான் சாக்ரமெண்டோ பக்கம் ஒரு 1983 வண்டியைப் பார்க்கப் போனேன். பெரியவர் ஒருத்தர் வெச்சிருந்தார். மஞ்சள் திரைச்சீலை, மடக்கு மேஜை, எல்லாம் துடைச்சு வெச்ச மாதிரி. மனைவியோட போன ஊரையெல்லாம் சுவத்து மேப்பில் புள்ளி வெச்சிருந்தார். என் வீட்டம்மா அப்பவே மனசுக்குள்ள சாமான் அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கும் ஆசைதான். ஆக்சில் வேலை எப்பவோ முடிஞ்சுதுன்னு பழைய ஓனர் சொன்னதா அவர் சொன்னார்.

குனிஞ்சு எண்ணினேன். அஞ்சு. இன்னொரு பக்கம் போய் எண்ணினேன். அங்கேயும் அஞ்சு.

அவருக்கும் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இதில்தான் 15 வருஷம் ஓட்டினோம்"னு மட்டும் சொன்னார். மாத்தணும்னா இன்னொரு செத்த வண்டியிலிருந்து ஆக்சில் கழட்டணும். அதைத் தேட எனக்கு நேரமும் இல்லை, கராஜும் இல்லை. வேண்டாம்னு சொல்லிட்டு, மாத்தற வரைக்கும் ஹைவேயில் எடுக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தேன். திரும்பி வர்ற வழி முழுக்க வீட்டம்மா ஒரு வார்த்தை பேசலை.

இப்ப 1987 வண்டி ஒண்ணு விளம்பரத்தில் வந்திருக்கு. படுக்கை, அடுப்பு, சீலிங்னு பன்னிரண்டு போட்டோ போட்டிருக்காங்க. பின் சக்கரத்தை ஒரு போட்டோ அனுப்புங்கன்னு கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை.