உபதேசியாரம்மா என்னும் சொல்

தமிழ்க் கிறித்தவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சொல்லிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவது பொருந்தும். உபதேசியார் என்பவர் கோயிலில் செபம் சொல்லி, சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்து, குருவானவர் வராத நாள்களில் ஊரின் விசுவாசத்தைக் காத்து வருபவர். அப்படியானால் உபதேசியாரம்மா என்பவர் யார்? உபதேசிக்கும் பெண் என்று இலக்கணம் கற்றவர் பொருள் கொள்ளக்கூடும். ஊரார் அவ்வாறு கொள்வதில்லை. அவர் உபதேசியாரின் மனைவி, அவ்வளவுதான். ஆயரம்மா, பேராயரம்மா என்னும் சொற்களும் அவ்வழியே பிறந்தவை. பேராயரின் மனைவி என்ற ஒரே உறவால் மறைமாவட்டத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைமை ஏற்கும் வழக்கம் தென்னிந்தியத் திருச்சபையில் உண்டு. அவ்வம்மையார் செய்யும் பணி மெய்யானது. அப்பணிக்குரிய பெயர் மட்டும் கணவரிடமிருந்து வந்தது. நம் வட்டத்தார் சொற்களை நிறுத்துப் பார்க்கப் பழகியவர்கள். ஆகவே, நம் எல்லைப்புறத்துத் திருச்சபையின் வரலாற்றை இச்சொல்லின் வாயிலாகவே நோக்க விழைகிறேன்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குக் கிறித்தவம் வந்த வழிகளுள் தொன்மையானது மைசூர் மறைப்பணி. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லெயோனார்தோ சின்னாமி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு சீரங்கப்பட்டணத்தில் அதனைத் தொடங்கினார். மைசூர் என்று பெயர் பெற்றிருந்தும் அதன் எல்லை கன்னட நாட்டோடு நின்றுவிடவில்லை; சத்தியமங்கலம், தருமபுரிப் பக்கத்துத் தமிழ் ஊர்களும் அதனுள் அடங்கின. குருக்களோ மிகச் சிலர். காடும் மலையும் கடந்து ஒரு குரு ஓர் ஊருக்கு வந்து சேர்வது ஆண்டுக்கு ஓரிரு முறையே. எஞ்சிய நாள்களில் அவ்வூரின் திருச்சபை யார் கையில் இருந்தது என்னும் வினாவை நம் வரலாற்று நூல்கள் அரிதாகவே எழுப்பியிருக்கின்றன. அவை குருக்கள் வந்த நாள்களின் வரலாறுகள். வராத நாள்களின் வரலாறுகள் அல்ல.

வராத காலம் மிக நீண்டதும் ஒருமுறை நேர்ந்தது. 1759இல் போர்த்துகல் அரசு இயேசு சபையாரைத் தன் ஆட்சிப்பரப்பினின்று வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்தார். 1776இல் பாரிசு அந்நிய வேதபோதக சபையார் பொறுப்பேற்றாலும், பழைய குருக்கள் முதுமையடைந்து மறைய, புதியவர்கள் போதிய அளவில் வரவில்லை. இதற்கிடையே ஐதர், திப்பு காலத்துப் போர்கள் இம்மண்ணின்மீது நான்குமுறை நடந்தேறின. 1792 உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. மலைமேட்டில் இருந்த ஓசூர்ப் பகுதியோ திப்பு வீழ்ந்த 1799இல்தான் வந்தது. அவ்வாண்டுக்குப் பின் மைசூர்ச் சீமைக்குள் சிதறிய கிறித்தவரைத் திரட்ட அனுப்பப்பட்டவர் அபே துபுவா. இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய நூலால் உலகப்புகழ் பெற்ற அவரேதான்.

துபுவா வந்தபோது திரட்டுதற்குக் கிறித்தவர் எஞ்சியிருந்தார்கள் என்பதே கவனிக்கத்தக்க செய்தி. ஒரு தலைமுறை அளவு பூசையின்றி, குருவின்றி, பல இடங்களில் கோயிலுமின்றி அவர்கள் எஞ்சியிருந்தார்கள். அம்மனிதரோ 1823இல் ஐரோப்பா திரும்பி, இந்தியாவில் கிறித்தவம் வேரூன்ற வழியில்லை என்று கடிதங்கள் எழுதி வெளியிட்டார். அவருக்கு அக்காலத்திலேயே மறுப்பு எழுதியவர் உண்டு. ஆயினும், அவர் தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகள் யாரிடையே உழைத்தாரோ அவர்களே அக்கூற்றுக்குப் போதிய மறுப்பு என்பது என் கருத்து. குருவின் கண்களுக்குக் குருவின் பணியே புலப்பட்டது போலும்.

குரு இல்லாத ஊரில் சமயம் எங்கே உயிர்த்திருக்கும்? வீட்டில்தான். அடுப்படியிலும் தொட்டிலடியிலும் மந்திரங்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவர் தாயும் பாட்டியும். சாவு வீட்டில் செபமாலையை முன்னின்று சொன்னவர் பெரும்பாலும் ஒரு கிழவி. இதனினும் ஆழமான ஒன்று உண்டு. கத்தோலிக்கச் சட்டப்படி உயிராபத்தில் எவரும் ஞானஸ்நானம் அளிக்கலாம். 1439இல் புளோரன்சுப் பொதுச்சங்கம், தேவை நேருங்கால் ஒரு பெண்ணும் அதனைச் செய்யலாம் என்று பெயர் சுட்டியே கூறியது. பிறந்தவுடன் மூச்சடங்கும் குழந்தையின் நெற்றியில் நீர் வார்த்தவர் ஊர் மருத்துவச்சி. பீடத்தின் அருகே நெருங்க அவருக்கு உரிமையில்லை. ஆனால் திருச்சபையின் முதல் அருளடையாளம் அவர் கையால் நிறைவேறிற்று. பஞ்சமும் பேதியும் மீண்டும் மீண்டும் வந்த இவ்வட்டாரத்தில் இது விதிவிலக்கான நிகழ்ச்சியன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் சேலம் சில்லாவைச் சூறையாடியதை நாம் அறிவோம்.

பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியவர்கள் அதன் அமைப்பை அறிவார்கள். குழந்தை, பெற்றோர், ஞானத்தந்தை, ஞானத்தாய், ஞானஸ்நானம் அளித்த குரு என்று பகுதிகள் இருக்கும். பெண்ணின் பெயர் தாயாகவும் ஞானத்தாயாகவும் அதில் இடம்பெறும். மந்திரம் கற்பித்தவள் என்றொரு பகுதி இல்லை.

திருமுறையில் அப்பகுதி இருக்கிறது. உரோமையர்க்கு எழுதிய மடலின் பதினாறாம் அதிகாரத்தைப் பவுல் வாழ்த்துகளின் பட்டியலாக்கினார். பிரிசில்லா, மரியா, யூனியா, திரிபேனா, திரிபோசா, பெர்சி எனப் பெண்களின் பெயர்கள் அங்கே நெருங்கி வருகின்றன. முதலில் வருபவர் கெங்கிரேயா ஊர்ச் சபையைச் சேர்ந்த பெபேயாள். அவருக்குப் பவுல் இடும் கிரேக்கச் சொல் ஆண் தொண்டருக்கும் உரிய அதே சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு அவரை ஊழியக்காரி என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் திருத்தொண்டர் என்கிறது. ஊழியக்காரி என்ற சொல் தமிழ்க் காதில் வீட்டு வேலைக்காரிக்கு அருகே போய் நிற்கிறது. திருத்தொண்டர் என்ற சொல்லோ நாயன்மார் வரலாற்றோடு வந்து நிற்பது. ஒரே பெண், ஒரே ஊழியம்; மொழிபெயர்ப்பாளரின் எழுதுகோல் மட்டுமே மாறியது. மொழிபெயர்ப்பில் ஈடுபட்டுள்ள நம் அன்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் பெயர் நிலைத்த ஒரு பெண்ணைக் காண நம் மாவட்டத்தை விட்டுத் தெற்கே போக வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையில் 1778இல் சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா தஞ்சை மராத்தியப் பிராமணக் குலத்து விதவை. ஆங்கிலப் படை அதிகாரி ஒருவருடன் அவர் வாழ்ந்ததால் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது; அவ்வதிகாரி இறந்த பின்னரே கிடைத்தது. நிலையான போதகர் எவரும் வருமுன்பே அவர் அங்கே சபையொன்றைக் கூட்டி வளர்த்தார். 1780இல் எழுதப்பட்ட அச்சபையின் முதல் பதிவேட்டில் ஏறக்குறைய நாற்பது பெயர்கள் உள்ளன. 1785இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தைச் சுவார்ட்சு அர்ப்பணம் செய்தார். அ. மாதவையா 1915இல் அவர் பெயராலேயே ஓர் ஆங்கிலப் புதினம் எழுதினார். இத்துணைப் பெருமை பெற்றும், ஊர் வழக்கில் அக்கோயிலின் பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். கணவன் வழிப் பெயர் இல்லாதவளுக்குச் சாதி வழிப் பெயர் வந்து சேர்ந்தது!

இனி எல்லைக்கு அப்பால். ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் சந்தைக்குப் போவது போலப் போய்த் திரும்பலாம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பின், 1952இல் அதன் பெண் ஊழியர்க்கென ஒரு சகோதரிகள் சங்கம் தோன்றியது. பெங்களூரில் உள்ள விசுராந்தி நிலையம் அதன் இல்லம். 1976இல் அத்திருச்சபையின் முதல் பெண் ஆயராக எலிசபெத் பால் அபிடேகம் பெற்றார். 2013இல் நந்தியால் மறைமாவட்டத்தில் புஷ்ப லலிதா பேராயரானார். அவரைத் தமிழர் எப்படி அழைப்பது? பேராயரம்மா என்றால் பேராயரின் மனைவி என்றே பழகிவிட்டோம். நம் மொழி இவ்விடத்தில் திகைத்து நிற்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் மாற்றம் மெல்லவே வந்தது. 1972இல் வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகள் பொதுநிலையினர்க்குத் திறக்கப்பட்டாலும் ஆண்களுக்கு மட்டுமே உரியவையாயின. 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிசு அவற்றைப் பெண்களுக்கும் உரியவையாக்கினார்; அவ்வாண்டு மே மாதத்தில் உபதேசியார் பணியையும் முறையான திருப்பணியாக நிறுவினார், ஆணுக்கும் பெண்ணுக்கும். குருத்துவம் பற்றி அவர் எதுவும் மாற்றவில்லை. எனினும் உபதேசியாரம்மா என்ற சொல்லுக்கு அன்றுமுதல் அதன் இலக்கணப் பொருள் சட்டப்படி கிடைத்திருக்கிறது. நடைமுறையில் எத்தனை பங்குகள் அப்பொருளை வழங்கும் என்பது வேறு கதை.

1970களில் சிப்காட் வந்த பின் ஓசூரின் முகம் மாறியது. வாகனத் தொழிற்சாலைகள், கைக்கடிகாரத் தொழிற்சாலை என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் வாடகை வீடுகளில் குடியேறினார்கள். சொந்த ஊரில் கோயில் மணியோசையில் எழுந்தவர்களுக்கு இங்கே ஷிப்டுச் சங்கே மணியோசை. இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது எல்லா வாரமும் ஞாயிற்றுக்கிழமையில் வருவதில்லை. எனவே பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து அன்பியம் என்ற பெயரில் மாலை வேளையில் ஒரு வீட்டில் கூடுகின்றன. திருவிவிலியம் வாசித்து, விளக்கம் சொல்லி, நோயுற்றவரைப் பார்க்கப் போவதை ஏற்பாடு செய்பவர் பெரும்பாலும் பெண்ணே. 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டமானபோது அவ்விழாவின் நிழற்படங்களில் இடம்பெற்றவர்கள் ஆயர்களும் குருக்களும். இந்த வீட்டுக் கூட்டங்களை நிழற்படம் எடுப்பார் இல்லை.

அண்மையில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் திம்ஜேபள்ளியில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் இளம்பெண்கள். 2022இல் ஜார்க்கண்டிலிருந்தும் பழங்குடிப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். சோட்டாநாகபுரி மலைநாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கிறித்தவம் வேரூன்றிய குடிகள் உண்டாதலால், அவர்களுள் சிலர் தம் செபங்களையும் உடன் கொண்டுவந்திருப்பார்கள். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கன்னடத்திலும் தமிழிலுமாக இம்மண்ணில் முளைத்த செபத்தோடு இப்போது இந்தியும் சாதிரியும் வந்து சேர்கின்றன. விடுதி அறையில் பணி முடிந்த நேரத்தில் நாலு பேரைக் கூட்டி வைத்து முன்னின்று செபம் சொல்லும் பெண்ணுக்கு எந்தத் திருச்சபையும் இன்னும் பட்டம் கொடுக்கவில்லை. மற்றவர்கள் அவளை அக்கா என்றோ, தம் மொழியில் தீதீ என்றோ அழைப்பார்கள்.