மக்காச்சோளம் பெட்ரோலுக்குள் வந்த கதை

அமெரிக்க பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எத்தனால். பெரும்பாலும் மக்காச்சோளத்தில் வடித்தது. வண்டி ஓட்டுபவர்கள் யாரும் கேட்டு வாங்கியதில்லை. அது பிறந்தது வாஷிங்டனில், ஒரு வரிச் சட்டத்தின் மூலையில்.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பங்க்குகளில் வரிசை நீண்டது. உள்நாட்டு எரிபொருள் எது கிடைத்தாலும் சரி என்ற மனநிலை. 1978-இல் நாடாளுமன்றம், பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு கேலனுக்கு 4 சென்ட் வரியைத் தள்ளுபடி செய்தது. பார்க்கச் சில்லறைக் காசு. ஆனால் பத்து கேலன் கலவைக்கு ஒரு கேலன் எத்தனால் போதும். அந்த ஒரு கேலனின் கணக்கில் சலுகை 40 சென்ட்!

இந்தக் கணக்கு நன்றாகப் புரிந்தவர் ட்வெய்ன் ஆண்ட்ரியாஸ். இல்லினாய் மாநிலம் டிகேட்டரில் இயங்கிய ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனத்தின் தலைவர். மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து இனிப்புப் பாகு எடுக்கும் ஆலைகள் அவரிடம் இருந்தன. அதே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி நொதிக்கவிட்டால் எத்தனால். நன்கொடை தருவதில் அவர் கட்சி பார்த்ததில்லை. ஜனநாயகக் கட்சியின் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி நெருங்கிய நண்பர். குடியரசுக் கட்சியின் நிக்சனுக்காக அவர் தந்த 25,000 டாலரோ, வாட்டர்கேட் ஊடுருவலில் பிடிபட்ட ஒருவரின் வங்கிக் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது.

1980-இல் சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்க அதிபர் கார்ட்டர் தடை போட்டார். தேங்கும் மக்காச்சோளத்துக்குப் போக்கிடம் வேண்டும் என்ற வாதம் வலுத்தது. அதே ஆண்டு இறக்குமதி எத்தனாலுக்கும் வரி வந்தது; பிரேசிலின் கரும்பு எத்தனால் வாசலோடு நின்றது. பிறகு எண்ணெய் விலை சரிந்தது. நெருக்கடிக்காக வந்த சலுகை மட்டும் போகவில்லை.

1994-இல் எத்தனாலுக்குச் சாதகமான ஒரு விதி செனட்டில் 50-50 என நின்றபோது, துணை அதிபர் அல் கோரின் வாக்கு அதைக் காப்பாற்றியது. மறு ஆண்டே நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. இருந்தும் 2005-இல் சட்டமே எத்தனாலுக்கு வழிவிட்டது: புதுப்பிக்கத்தக்க எரிபொருளைக் கலந்தே ஆக வேண்டும், 2012-இல் 750 கோடி கேலன். 2007-இல் இலக்கு 2022-க்கு 3,600 கோடி கேலனாக உயர்ந்தது. அதில் மக்காச்சோள எத்தனாலுக்கு 1,500 கோடி வரை இடம்.

தான் எத்தனாலை ஆதரித்தது தவறு என்று 2010-இல் கோர் ஒப்புக்கொண்டார். அதிபர் தேர்தலில் நிற்க இருந்ததால் அயோவா விவசாயிகள்மேல் தனக்கு ஒரு பிரியம் இருந்தது என்றார். வேட்பாளர் தேர்வு முதலில் நடந்த மாநிலம் அயோவா. மக்காச்சோள விளைச்சலிலும் அதுவே முன்னணி.

2011 முடிவில் வரிச் சலுகை காலாவதியானது. எத்தனால் தொழில் நின்றுவிடவில்லை; கலந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. சலுகையென்றால் அரசு வருவாயில் இழப்பு கண்ணில் படும், யாராவது கேள்வி கேட்பார்கள். கட்டாயத்துக்கு அரசுக் கணக்கில் செலவே எழுத வேண்டியதில்லை.