‘பிராவோ’: ஒரு பாராட்டுச் சொல்லின் வரலாறு

கவியரங்கில் ஒரு கவிஞர் பாடி முடித்ததும் எழுவது கைதட்டல். அதனோடு சேர்ந்தெழுவது ஒரு சொல். ‘ஆகா’ என்பார் ஒருவர், ‘சபாஷ்’ என்பார் மற்றொருவர். ஆங்கிலம் பயின்றோர் வாயில் ‘பிராவோ’ எனும் சொல்லும் பிறப்பதுண்டு. கேட்ட கணத்தில் மகிழ்வு தந்து மறையும் இத்தகைய சொற்களுக்கும் நெடிய வரலாறு உண்டு. அவற்றுள் ‘பிராவோ’வின் வரலாறு, பாராட்டுவோரும் பாராட்டப்படுவோரும் ஒருங்கே எண்ணிப் பார்க்கத் தக்கது.

வாளும் குரலும்

‘பிராவோ’ ஆங்கிலத்துக்கு இத்தாலிய மொழி தந்த கொடை. இத்தாலியத்தில் அது திறமுடையவன், நல்லவன், துணிவுடையவன் எனப் பல பொருள் தரும். வீரனைக் குறிக்கும் ‘பிரேவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இதன் உறவே. ஆயினும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துள் நுழைந்தபோது இச்சொல் பாராட்டாக வரவில்லை. கூலி பெற்றுக் கொலை செய்யும் அடியாளின் பெயராகவே வந்தது. 1827இல் வெளிவந்த மன்சோனியின் புகழ்பெற்ற இத்தாலியப் புதினத்தின் தொடக்கத்தில், ஒரு திருமணத்தை நடத்தலாகாது எனப் பாதிரியாரை வழிமறித்து மிரட்டுவோர் இத்தகைய ‘பிராவி’களே.

18ஆம் நூற்றாண்டில் இத்தாலிய இசைநாடகம் ஐரோப்பா எங்கும் பரவியது. பாடகரின் திறங்கண்டு அவையோர் எழுப்பிய குரலாக, அதே சொல் ஆங்கிலத்துள் இரண்டாம் முறை புகுந்தது. இம்முறை அதன் பொருள் ‘நன்று, மிக நன்று’ என்பதாம். இத்தாலியர் இச்சொல்லைப் பால் அறிந்தே வழங்குவர். பாடியவன் ஆணாயின் ‘பிராவோ’, பெண்ணாயின் ‘பிராவா’, பலராயின் ‘பிராவி’. ஆங்கிலமோ அவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கைவிட்டு, யாவர்க்கும் ‘பிராவோ’ என ஒன்றையே வைத்துக்கொண்டது. இருதிணை ஐம்பால் உணர்ந்த தமிழர்க்கு இந்த இழப்பு எளிதில் விளங்கும். பாடிய பெண்ணின் முகம் நோக்கிச் சொல்லிய சொல், எவரையும் நோக்காத பொது ஒலியாயிற்று.

இதனினும் பெரிய இழப்பு பாரிசில் நேர்ந்தது. அந்நகர் அரங்குகளில் பணம் பெற்றுக் கைதட்டுவோர் அமர்த்தப்பட்டனர். 1820ஆம் ஆண்டில் அத்தகையோரை அனுப்புவதற்கெனத் தனி நிலையமே அங்குத் தொடங்கப்பெற்றது. சிரிப்பதற்கு ஒருவர், அழுவதற்கு ஒருவர், மீண்டும் பாடுக எனக் கூவுவதற்கு ஒருவர் எனப் பணி பகுக்கப்பட்டிருந்தது. முன்னர்க் கூலிக்கு வாளெடுத்தவனின் பெயராயிருந்த சொல், பின்னர்க் கூலிக்குக் குரலெடுத்தவனின் வாயிலும் ஒலித்தது.

இரு பேரரசுகளின் எல்லையில்

புதுச்சேரி மண்ணில் இவ்வரலாற்றுக்குத் தனிச்சுவை உண்டு. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி மாறும்வரை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சேதராப்பட்டு போன்ற சிற்றூர்களிலும் பிரெஞ்சு ஆட்சியே நடந்தது. எல்லை கடந்தால் 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சி. இருபுறமும் பேசப்பட்டது ஒரே தமிழ். ஆண்டோர் மொழிகள்தாம் வேறு. ‘பிராவோ’ அவ்விரு மொழிகளிலும் ஒன்றுபோல் வழங்குவது. ஆனால் மீண்டும் ஒருமுறை பாடுக என வேண்டும்போது ஆங்கிலேயர் ‘ஆங்கோர்’ எனப் பிரெஞ்சுச் சொல்லைக் கூறுவர். பிரெஞ்சுக்காரரோ அச்சொல்லை விடுத்து ‘பிஸ்’ என இலத்தீன் சொல்லைக் கூறுவர். தமிழ் நாடகக் கொட்டகையில் எழுந்ததோ ‘ஒன்ஸ்மோர்’. வியப்பு மிகும்போது மனிதர் தம் மொழியைக் கடந்து அயல்மொழியை நாடுவர் போலும்.

தமிழரும் இதற்கு விலக்கல்லர். ‘சபாஷ்’ பாரசீகம் தந்தது. ‘மகிழ்ந்திரு’ என்பது அதன் அடிப்பொருள். ‘பேஷ்’, ‘பலே’ என்பனவும் வடக்கிருந்து வந்தவையே. இசையரங்கிலும் நாடக மேடையிலும் பழகிப் பழகி அவை தமிழாகிவிட்டன. ஆகவே, வந்த சொல் எம்மொழிக்குரியது என்பது பெரிய வினாவன்று; அச்சொல்லுக்குப் பின்னே வியப்பு உண்டா என்பதே வினா.

வியப்பின் இலக்கணம்

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டனுள் மருட்கையை ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களம் நான்கு என வகுக்கிறது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. பெருமை கண்டு வியப்பது யாவர்க்கும் எளிது. சிறியதன் நுட்பங்கண்டு வியப்பதற்கும் ஆங்கே இடமுண்டு. எதனால் வியந்தான் என்று கேட்டால் விடையிறுக்க வேண்டும் என்பதே இவ்வகுப்பின் உட்பொருள். காரணம் சுட்டாத பாராட்டு, பாடியோர்க்கு மகிழ்ச்சி தரலாம்; வளர்ச்சி தராது.

வியப்புக்குச் சொல்லே வேண்டுவதில்லை என்பதற்கும் புறநானூற்றில் சான்றுண்டு. முரசு வைக்கும் கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கண்டான். அக்குற்றத்திற்கு வாளால் வெட்டுவதே முறையாயிருந்தும், வாளோங்காது, புலவர் விழிக்கும்வரை கவரி வீசி நின்றான். அவன் வாய் ‘நன்று’ என ஒரு சொல்லும் மொழிந்ததாகப் பாடல் கூறவில்லை. அந்தக் கவரியின் காற்றே அவன் பாராட்டு.

புதுவை மண்ணிலேயே மற்றொரு சான்று உண்டு. 1908 முதல் 1918 வரை பாரதியார் இங்கு வாழ்ந்த காலத்தில், கனக சுப்புரத்தினம் என்னும் இளைஞர் அவர்தம் முன்னிலையில் சக்தியைப் பற்றிப் பாடல் இயற்றினார். பாரதியார் அதனைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார். எழுதியவர் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எனக் குறித்தும் அனுப்பினார். கைதட்டல் அன்றே அடங்கியிருக்கும். அக்குறிப்போ ஓர் இளைஞரைப் பாரதிதாசன் என்னும் பெயரேற்கும் வழியில் நிறுத்தியது.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளில் எழுப்பிய பாராட்டொலிகளை எண்ணிச் சொல்லல் ஆகாது. ஆயின் அவற்றுள் எத்தனை ஒலிகள் காரணம் சுட்டின, எத்தனை ஓர் இளங்கவிஞரின் அடுத்த கவிதைக்கு வழி வகுத்தன என்று எண்ணிப் பார்த்தல் ஆகும். ‘பிராவோ’ எனினும் ‘சபாஷ்’ எனினும் குற்றமில்லை. அச்சொல்லை அடுத்து ‘ஏனெனில்’ என்று தொடங்கும் இன்னொரு தொடர் பிறக்குமாயின், அதுவே கவிஞர்க்குக் கிடைக்கும் மெய்யான பரிசில்.