மாலுமி விட்டுப்போன கல்

மும்பை போகிறவர்களுக்குக் கன்ஹேரி ஒரு வசதி. மின்சார ரயிலில் போரிவலியில் இறங்கினால் போதும்; தேசியப் பூங்காவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். கல்யாண், சோபாரா துறைமுகங்களின் வணிகர்கள் கொடுத்த காசில் குடைந்தவை அவற்றில் பல. கொடுத்தவர் பெயரும் ஊரும் சுவரிலேயே வெட்டியிருக்கிறது.

பினாங்கில் அப்படிக் குடைவரை எதுவும் கிடையாது. ஆனால் அதே கடல் வணிகம் நம் பக்கத்துக் கல்லிலும் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. பாலிக் புலாவில் காலைப் பசியாறிவிட்டு மலையேறி ரெலாவ் பக்கம் இறங்குங்கள். 1985இல் திறந்த முதல் பாலத்தைக் கடந்தால் செபராங் பிறை. அப்புறம் புக்கிட் மெர்தாஜம். அங்கே செரோக் தோக்குன் எழுத்துப்பாறை நிற்கும் இடம் பலருக்கு வியப்பாக இருக்கும்: புனித அன்னாள் தேவாலய வளாகம். ஜூலைத் திருவிழாவுக்கு மெழுகுவத்தியோடு போகும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் பாறையை நின்று பார்த்திருப்பார்கள்?

பார்த்தாலும் சட்டென்று ஒன்றும் புலப்படாது. எழுத்துகள் அவ்வளவு தேய்ந்திருக்கின்றன. உச்சிவெயிலில் போகாதீர்கள், வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் கீறல்களுக்குள் நிழல் தங்கி வரிகள் தெரியும். தென்னிந்தியப் பல்லவ எழுத்தைச் சேர்ந்த வடிவம். 5, 6ஆம் நூற்றாண்டு என்று மதிக்கிறார்கள். 1845இல் இதை வெளியுலகுக்குச் சொன்னவர் கர்னல் ஜேம்ஸ் லோ. 1848இல் லெய்ட்லே என்பவர் ஓர் அரசன் பெயரை இதில் படித்தார். தேய்ந்த கல்லில் படித்த பெயரை நான் பெரிதாக நம்புவதில்லை.

இந்த லோ ஒரு தனி ரகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்காட்லாந்து அதிகாரி. சயாம் மொழிக்கு இலக்கணம் எழுதியவர். 1843இல் சிங்கப்பூர் ஆற்று முகத்தில் இருந்த பழைய கல்வெட்டுப் பாறையைக் கம்பெனி ஆட்களே வெடிவைத்துத் தகர்த்தபோது, சிதறிய துண்டுகளில் எழுத்துள்ளவற்றைப் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பியவரும் இவரே.

அவர் கண்டெடுத்தவற்றில் முதலிடம் கொடுக்க வேண்டியது 1834இல் செபராங் பிறையின் வடக்கே கிடைத்த பலகைக்கல். நடுவில் ஒரு தூபி. அதன் உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு குடைகள். ஓரங்களில் சமஸ்கிருத வரிகள். அறியாமையால் வினை பெருகுகிறது, வினையால் பிறவி வருகிறது என்ற பௌத்தக் கருத்தைச் சொல்லிவிட்டு, ரக்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தனின் பயணம் நன்றாக அமையட்டும் என்று வேண்டுகிறது. அரசன் பெயர் இல்லை, படை இல்லை, வெற்றி இல்லை. காற்றுக்குக் காத்திருந்த ஒரு கப்பல் தலைவனின் வேண்டுதல், அவ்வளவுதான். 5ஆம் நூற்றாண்டுக்குரியது என்பது பொதுவான கணிப்பு.

எழுத்தைப் பார்த்ததும் இவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாட நமக்குக் கை பரபரக்கும். பொறுங்கள். மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் மாவட்டத்தில் 1962இல் தொடங்கிய அகழாய்வில் ரக்தமிருத்திகை மடத்தின் முத்திரைகளே கிடைத்திருக்கின்றன. ஆகவே அவரை வங்காளத்து மாலுமி என்பதே பொருத்தம். ரக்தமிருத்திகை என்ற பெயர் சுட்டும் ‘செம்மண் நாடு’ மலாய்த் தீபகற்பத்திலேயே இருந்தது என்பாரும் உண்டு.

நம் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. பட்டினப்பாலை சொல்லும் காழகத்துச் சரக்கைக் கடாரத்துச் சரக்கு என்றே நச்சினார்க்கினியர் உரை எழுதினார். கடாரம் என்பது நம் பக்கத்துக் கெடாதான். அதை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர்கள் முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்ப, சோழன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். அடுத்த தலைமுறையில், 1025 வாக்கில், மகன் ராஜேந்திரனின் கப்பல்கள் கடாரத்தின் மீது பாய்ந்தன. இந்தப் படையெடுப்புக்குப் பட்டிமன்றங்களில் கிடைக்கும் கைதட்டலில் பாதிகூட அந்த விகாரத்துக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

நாகப்பட்டினத்தில் மிஞ்சிநின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867இல் அரசு அனுமதியோடு இயேசு சபையினர் இடித்தார்கள். இங்கே புக்கிட் மெர்தாஜத்தில் தேவாலய வளாகமே பாறையை வைத்துக் காத்திருக்கிறது. மதம் அல்ல, அந்தந்த நேரத்து மனிதர்களே காரணம். 2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்ற பழங்கோயிலை வீட்டுமனைக்காகப் புல்டோசர் தரைமட்டமாக்கியதற்கு எந்த மதத்தைக் குறை சொல்வது?

புத்தகுப்தன் கல் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செரோக் தோக்குன் பாறையை மட்டும் யாராலும் பெயர்த்துக் கொண்டுபோக முடியவில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். கல்லைத் தொட்டுத் தடவ விடாதீர்கள், சாக்பீஸால் எழுத்தை நிரப்பிப் படம் எடுக்கவும் விடாதீர்கள். அடுத்த வாரம் மெர்போக் அருங்காட்சியகத்துக்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டிக்கும் போவோம்.