பெற்றோல் தாங்கியின் பெருமூச்சு

வெல்லவாயவில் இருந்து கொஸ்லந்தை, பெரகலை வழியாக அப்புத்தளைக்கு ஏறும் வீதியில் பழைய மோட்டார் வண்டிகளில் பயணம் செய்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கக் கூடும். தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து சில வளைவுகள் ஏறியதும் எஞ்சின் இருமும், பின்னர் நின்றுவிடும். சாரதி இறங்கி, பெற்றோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, சூடு தணியும் வரை வீதியோரத்தில் குந்தியிருப்பார். குழாய்க்குள் பெற்றோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்துவிட்டது என்பதே அதன் பொருள். வண்டியின் பின்புறத்தில் தாங்கியும் அதே ஆவியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதை மட்டும் எவரும் பொருட்படுத்தியதில்லை. அந்த ஆவியின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளையோ 1,400 மீற்றரைத் தாண்டியது. இந்த ஏற்றத்தில் வளிமண்டல அழுக்கம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே நிரப்பிய தாங்கிக்குள் இருக்கும் காற்றும் ஆவியும் மேலே வரும்போது விரிந்து இடம் தேடுகின்றன. பழைய வண்டிகளின் தாங்கி மூடியில் அதற்கென்றே ஒரு சிறு துவாரம் இருந்தது. ஏறும்போது அது மூச்சை விடும். இறங்கும்போது மூச்சை இழுக்கும். துவாரம் தூசியால் அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் எஞ்சினுக்குப் போகாது. மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே பாயும் ஓசை கேட்கும். வண்டி நின்றிருக்கும் வேளையிலும் இது ஓய்வதில்லை. பகல் வெயிலில் தாங்கி மூச்சை விடும்; இரவுக் குளிரில் இழுக்கும்.

இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி வந்தது 1902 இல். புகையிரதம் பதுளையை எட்டியது 1924 இல். அதன் பின்னர் தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளைப் புகையிரத நிலையங்களுக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் மாட்டு வண்டியின் இடத்தை லொறி மெல்ல மெல்லப் பிடித்தது. துரைமாரின் ஒஸ்டினும் மொரிஸும் மலைப்பாதைகளில் ஏறி இறங்கின. எண்ணெய் வணிகத்தை வெளிநாட்டு நிறுவனங்கள் நடத்தின. 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாகி, அடுத்த சில ஆண்டுகளில் அவ்வணிகம் அரசின் கைக்கு வந்தது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் மூடியின் துவாரம் மாத்திரம் அப்படியே இருந்தது. காசு கொடுத்து வாங்கிய பெற்றோலில் ஒரு பகுதி காற்றோடு போவது இயற்கையின் நியதி என்றே கருதப்பட்டது.

அது நியதியன்று என்பதை உலகுக்கு உணர்த்தியது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டம். 1943 இல் கண்ணை எரிக்கும் மூட்டம் அந்நகரைச் சூழ்ந்தது. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன் ஸ்மித் என்ற ஒல்லாந்து நாட்டு இரசாயனவியலாளர், 1950களின் தொடக்கத்தில் அதன் மர்மத்தைத் துலக்கினார். எரியாத பெற்றோல் ஆவியும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் கலந்தே அந்த மூட்டம் உருவாகிறது என்றார். வண்டியிலிருந்து வெளியேறும் ஐதரோகாபன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக அல்லாமல், தாங்கியிலிருந்தும் காபரேட்டரிலிருந்தும் ஆவியாகவே போகிறது என்பதும் பின்னர் கணக்கிடப்பட்டது.

தீர்வு எளிமையானது. மூடியை இறுக அடைத்து, ஆவியைக் குழாய் வழியே கரி நிரப்பிய ஒரு கனிஸ்டருக்குள் அனுப்பினார்கள். கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது வெளிக்காற்று கரியினூடாக உறிஞ்சப்பட்டு, பிடிபட்ட ஆவி எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். கலிபோர்னியா 1970 மாதிரி வண்டிகளுக்கும், அமெரிக்கா முழுவதும் 1971 மாதிரிகளுக்கும் ஆவிக் கட்டுப்பாடு சட்டமானது. ஆயினும் தொடக்க காலச் சோதனை முறையில் பெருமளவு ஆவி கணக்கில் படாமல் தப்பியது. 1978 மாதிரிகளிலிருந்து வண்டியை முழுமையாக ஒரு மூடிய அறைக்குள் நிறுத்தி அளக்கத் தொடங்கிய பின்னரே உண்மை வெளிப்பட்டது.

1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின் ஜப்பானிய வண்டிகளோடு அந்தக் கனிஸ்டரும் ஊவாவுக்கு வந்து சேர்ந்தது. அது என்னவென்று சொல்லித் தருவார் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டியைத் திருத்தக் கொடுத்த கராஜில், "இது சும்மா கிடக்கிற சாமான் ஐயா" என்று சொல்லி அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அதன் பின் வண்டிக் கொட்டகையில் எப்போதும் பெற்றோல் மணந்தது. காரணம் எனக்கு விளங்கப் பல மாதங்கள் சென்றன.

இதில் ஒரு முரணையும் குறிப்பிட்டாக வேண்டும். தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பதப்படுத்தி உலகெங்கும் விற்கும் நாடு நம்முடையது. ஆனால் கனிஸ்டருக்குப் பெரும்பாலும் மரத்தூளில் செய்த கரியே பயன்படுகிறது. சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. பிடித்த ஆவியை எளிதில் விட்டுக்கொடுக்காதவை. இங்கே பிடிப்பது மட்டும் போதாது. திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

இன்று பசறை, மடுல்சீமைத் தோட்டப் பாதைகளில் மிகுதியாக ஓடுபவை முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும். அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வந்தவை. இந்தியாவில் இருசக்கர வண்டிகளுக்கு ஆவிக் கட்டுப்பாடு முழுமையாக நடைமுறைக்கு வந்ததோ 2017 ஏப்ரலில்தான். அதற்கு முன் இங்கு வந்து இறங்கியவை ஏராளம். நம் நாட்டில் 2008 இல் ஆரம்பிக்கப்பட்ட வாகனப் புகைப் பரிசோதனை, பெயருக்கேற்பப் புகைக்குழாயையே பார்க்கிறது. தாங்கியின் மூச்சு அதன் கணக்கில் இல்லை.

2022 இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது இந்த ஆவி வீட்டுக்குள்ளேயே வந்தது. கலன்களில் எரிபொருள் வழங்குவது அவ்வாண்டு ஏப்ரலில் தடை செய்யப்பட்டது. ஆனால் தாங்கியில் நிரப்பியதை வீட்டில் உறிஞ்சி எடுத்துப் போத்தலில் சேமிப்பதை எந்தத் தடை நிறுத்தும்? பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு பாரமானது. அது மேலே போகாது. தரையோடு ஊர்ந்து செல்லும். ஒரே கூரையின் கீழ் நிரையாக அமைந்த லயன் அறைகளில், ஓர் அறையில் வைத்த போத்தலுக்கும் அடுத்த அறையின் விறகு அடுப்புக்கும் எத்தனை அடி தூரம்? தீ ஒருபுறமிருக்க, அந்த ஆவியில் உள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்க வல்லது. வாயால் பெற்றோலை உறிஞ்சும் இளைஞரும், நாள் முழுதும் குழாயைப் பிடித்து நிற்கும் பெற்றோல் செட் ஊழியரும் அதை மிகுதியாகச் சுவாசிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாததை நாம் ஒருமுறை வென்றிருக்கிறோம். ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் இங்கு விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. தாங்கி மூடி இறுக்கமாக இருக்கிறதா, கனிஸ்டர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். கலிபோர்னியாவில் மூடியையும் சோதிக்கிறார்கள். நம் பரிசோதனைப் பட்டியலிலும் அதைச் சேர்ப்பது பெரிய காரியமன்று. அதுவரை, கராஜில் எவரேனும் "சும்மா கிடக்கிற சாமான்" என்று சொன்னால் என்னைப் போலத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.